புழுவுக்கு நான் கொடுத்த உறுதி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவரிடமும் ஒப்படைக்க வேண்டியவற்றை நேற்றே அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டேன். எட்டு வாரப் பயிற்சியின் முறை நீலக் கோப்பில் இருக்கிறது. எந்த வாரத்தில் எதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டும், யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் தெளிவாக உள்ளன. அவற்றை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை.

இத்தகைய குறிப்புகளைப் பணி ஓய்வு பெறுகிறவர்கள்தாம் எழுதுவது வழக்கம். நான் மூன்றாண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்துவிட்டு, ஆய்வேட்டை முடிப்பதற்காக விலகுகிறேன். அறிவுரை சொல்லும் வயது எனக்கு இல்லை. ஆனால் ஒரு பெரிய தவற்றைச் செய்வதற்கும், அதை எங்கே செய்தேன் என்று கண்டுபிடிப்பதற்கும் மூன்றாண்டுகள் போதுமானவையாக இருந்தன. அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

தமிழ் இலக்கியம் படிப்பவளுக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். பயிற்சிக்கான சொற்களை எளிய தமிழில் எழுதித் தருவதற்காகத்தான் இந்த மையத்தில் முதலில் அழைத்தார்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்துக் காட்டியவளையே, முறையாகப் பயிற்சி கொடுத்து, நடத்தவும் சொன்னார்கள். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள இந்த மாடி அறையில், புதன்கிழமைதோறும் காலையில், கீழே நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருக்க, ஆறேழு பெண்கள் பாயில் கண்மூடிப் படுத்திருப்பார்கள். மனவிழிப்புப் பயிற்சி என்று நான் கோப்பில் எழுதியிருப்பதை அவர்கள் ‘மூச்சு கிளாஸ்’ என்பார்கள். அவர்கள் வைத்த பெயரே சரியானது.

இங்கே வருகிறவர்களின் சிகிச்சை முடிந்திருக்கும். முடி வளர்ந்திருக்கும். ‘அதான் எல்லாம் சரியாப் போச்சே’ என்று வீட்டில் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். மருத்துவமனைக்கு அலைந்த நாள்களில் வராத பயம், அலைச்சல் நின்ற பிறகுதான் வரும். அந்தப் பயத்தை விரட்டும் வித்தை எதுவும் நம்மிடம் இல்லை. அது வரும்போது வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், அதற்குப் பின்னாலேயே ஓடாமல், காலுக்குக் கீழே உள்ள தரையையும் உள்ளே போகும் மூச்சையும் கவனிக்கவும் பழக்குகிறோம். அவ்வளவுதான்.

மாதம்மாள் வந்தது என்னுடைய இரண்டாம் ஆண்டில். கடத்தூரை அடுத்த ஒரு சிற்றூர். நாற்பதை ஒட்டிய வயது. இடப்பக்க மார்பை எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்றி முடித்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. முதல் நாளில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்போம்: இந்த எட்டு வாரம் முடியும்போது எது மாறியிருக்க வேண்டும்? மற்றவர்கள் தூக்கம் வர வேண்டும், கோபம் குறைய வேண்டும் என்றார்கள். மாதம்மாள் ஒரே மூச்சில் சொன்னார்.

“என்னப் புழு ஷெட்டுக்குள்ள வுட மாட்டங்கறாங்க மேடம். நான் உள்ள போவணும்.”

அவர்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். தோட்டத்தில் மல்பெரி. வீட்டை ஒட்டிப் புழு ஷெட். பதினைந்து ஆண்டுகளாக அந்த ஷெட் மாதம்மாளின் பொறுப்பில் இருந்தது. சிகிச்சை தொடங்கியதும் கணவர் கோவிந்தசாமி அவரை உள்ளே வர வேண்டாம் என்றார். முதலில் அக்கறையால் சொன்னது. பிறகு காரணம் மாறியது: உடம்பில் விஷ மருந்து ஏற்றியவள் கை பட்டால் புழு செத்துவிடும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சினம் வந்தது. உங்களுக்கும் வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இடத்தில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். பக்கத்து வயலில் தக்காளிக்கு மருந்து தெளித்தால், காற்றில் வந்து படிந்த இலையைத் தின்றே புழு துடித்துச் சாகும். அதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அந்த அறிவைத்தான் அவர்கள் மாதம்மாள் மீது பொருத்தினார்கள். பொருத்தியது தவறு. ஆனால் அறிவில்லாமல் பேசுகிறார்கள் என்று நாம் கருதிவிட்டால், அவர்களிடம் பேசவே முடியாது.

இரண்டாம் வாரம் உடலைக் கவனிக்கும் பயிற்சி. கால் விரலில் தொடங்கி, உடலின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைக் கொண்டுபோக வேண்டும். என் குரல் நிதானமாகவே இருந்தது. பாதம், கணுக்கால், முழங்கால், இடுப்பு, வயிறு. அடுத்து மார்பு. அறையில் மூவருக்கு மார்பு அறுவை நடந்திருந்தது. நான் தாளைப் பார்த்தேன். வயிற்றிலிருந்து நேராகத் தோளுக்குப் போய்விட்டேன். எவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

எல்லாரும் எழுந்து உட்கார்ந்ததும், தீர்த்தமலை அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் கண்ணம்மாள் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

“பஸ்ஸு நம்ம ஸ்டாப்புல நிக்காமயே போயிருச்சுடியோவ்!”

அறையே சிரித்தது. மாதம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“கால் சுண்டுவெரலக்கூட வுடாம சொன்னீங்க. இங்க மட்டும் ஏங்க தாண்டிப் போனீங்க?”

“கஷ்டமா இருக்குமேன்னுதாங்க்கா...”

“யாருக்குங்க?”

எனக்குத்தான் என்பது கேட்டவுடனே விளங்கிவிட்டது.

“வூட்டுல என்னத் தாண்டிப் போறாங்க. சரி. இங்கயும் அப்படின்னா நான் ரெண்டு பஸ் மாறி எதுக்குங்க வர்றேன்?”

“தப்புதாங்க்கா. அடுத்த வாரம் நிக்கும்.”

“அட, வண்டி நிக்குறதுன்னா முன்னாடியே சொல்லிப்போடு பாப்பா,” என்றார் கண்ணம்மாள். “எறங்குறவங்க எறங்கலாம். மத்தவங்க சீட்டுலயே குந்திக்குவாங்க.”

கண்ணம்மாள் வேடிக்கையாகச் சொன்னதுதான் முறையும்கூட. மூன்றாம் வாரம், தொடங்குவதற்கு முன்பே சொன்னேன்: இன்றைக்கு மார்புக்கும் வருவோம், வேண்டாதவர்கள் பாதத்திலேயே இருக்கலாம், கண்ணைத் திறந்துகொள்ளலாம், எழுந்து வெளியே போனாலும் குற்றமில்லை. அந்த இடத்துக்கு வந்தபோது மூன்று மூச்சு நேரம் நின்றேன். மாதம்மாளின் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. பயிற்சி முடிந்ததும் புடைவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, எவரையும் பார்க்காமல் சொன்னார்:

“அங்க ஒன்னுமே இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேங்க. அங்கயும் மூச்சு வந்துட்டுப் போவுது.”

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது ஐயத்தோடுதான் நினைக்கிறேன். ஒரு தவற்றைத் திருத்திக்கொண்டேன், என்னை நம்புகிறார்கள் என்னும் எண்ணம் தலைக்குள் நிறைந்திருந்தது. அடுத்த தவறு அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் வந்தது. அதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மாதம்மாளை அழைத்துப்போகக் கோவிந்தசாமி வந்திருந்தார். படியேறி வாசலோடு நின்றுகொண்டார். தோளில் துண்டு, கையில் செருப்பு. செருப்பைக் கீழே விட்டால் தொலைந்துவிடும் என்று நினைத்தாரோ, அறைக்குள் போடக்கூடாது என்று நினைத்தாரோ, தெரியவில்லை.

“மேடம், ஒரு சந்தேகமுங்க.”

“சொல்லுங்க.”

“இந்த வாரம் குஞ்சுப் புழு வாங்கியாந்து ஷெட்டுல எறக்குறோம். இவ உள்ள வர்றேங்கறா. பக்கத்துக் காட்டுல மருந்தடிச்சாலே எங்க தழை வீணுங்க. காத்துல வர்றதுக்கே அப்படி. இவளுக்கு நரம்புலயே ஏத்தியிருக்குது.”

“அந்த மருந்தெல்லாம் ஒடம்ப வுட்டுப் போயி மாசக்கணக்கா ஆச்சுங்க. டாக்டரே உங்ககிட்ட சொன்னாராமே?”

“டாக்டரு மனுசனுக்குச் சொன்னாருங்க. புழுவுக்குச் சொல்லலையே.”

அவருக்குப் பின்னால், முதல் படியில், மாதம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை என்பதே உண்மை. ஏற்கெனவே ஒருமுறை இவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்னொரு முறை கூடாது.

“புழுவுக்கு ஒன்னும் ஆகாதுங்க,” என்றேன். “தைரியமா வுடுங்க.”

“நீங்களே சொல்றீங்க. அப்பறம் என்னுங்க.”

இருவரும் இறங்கிப் போனார்கள். கடைசிப் படியில் மாதம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நம் மையத்தின் செவிலியரை உங்களுக்குத் தெரியும். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. உள்ளே ரத்த அழுத்தக் கருவியை மடித்து வைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“நீ எப்பலருந்து புழு டாக்டர் ஆன?”

“கைல மருந்து இல்லைங்கறது உண்மைதான சிஸ்டர்?”

“அத சொன்னியா? நீ வேற ஒன்னு சொன்ன மாதிரி எனக்குக் கேட்டுச்சு.”

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் வாரம் மாதம்மாள் வந்தபோது விரல் நுனிகள் பச்சைக் கறையோடு இருந்தன. எல்லாரிடமும் காட்டினார். மூச்சைக் கவனிக்கச் சொன்ன நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்துகொண்டே இருந்தது. இடக்கையால் கனம் தூக்கக்கூடாது, கீறல் படக்கூடாது என்று செவிலியர் எச்சரித்ததற்கு, “தழை வெட்டுறது அவரு; போடுறது நானு,” என்று பெருமையாகப் பதில் சொன்னார்.

ஐந்தாம் வாரம் அவர் வரவில்லை.

பயிற்சி முடிந்ததும் கைபேசியில் அழைத்தேன். கோவிந்தசாமி எடுத்தார்.

“புழு பால் கக்குதுங்க,” என்றார். “நாலாவது தோலு உரிச்சு எந்திரிச்சுது. முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தான் தின்னுச்சு. நேத்துல இருந்து ஒடம்பு ஊதி, தோலு பளபளன்னு ஆயி, தொட்டாப் பாலாட்டம் ஒழுவுது. எல்லாம் போச்சு.”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னீங்க. வுட்டேன்.”

“அக்கா எங்கங்க?”

“குந்தியிருக்கா. காலைல இருந்து வாயே தொறக்கல. சோறும் வேண்டாங்கறா.”

அழைப்பைத் துண்டித்த பிறகு, என் மனம் முதலில் எங்கே போனது என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அந்த நோய்க்கு வேறு என்னென்ன காரணங்கள் இருக்க முடியும் என்று தேடத் தொடங்கினேன். கைபேசியிலேயே படித்தேன். கிருமி, வெக்கை, ஈர இலை, சரியாகக் கழுவாத தட்டு. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க நெஞ்சு லேசானது. என் மீது பழி இல்லை என்று நிறுவுவதற்கான சான்றுகளை நான் சேகரித்துக்கொண்டிருந்தேன். மாதம்மாளை அதுவரை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

செவிலியர் கேட்டார்: “போலாமா?”

“போயி என்ன சொல்றதுன்னு தெரியலை சிஸ்டர்.”

“அது தெரியாதவரைக்கும் நல்லது. தெரிஞ்சா நீ பாடம் நடத்துவ.”

கடத்தூர்ப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் சொன்ன வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்று: மாதம்மாளின் கையில் மருந்து இல்லை. நான் சொன்னது வேறொன்று: புழுவுக்கு எதுவும் ஆகாது. முதலாவது மருத்துவர் சொன்ன உண்மை. இரண்டாவதைச் சொல்லும் தகுதி உலகில் எவருக்கும் இல்லை. புழு எதனாலும் சாகும். நன்றாக வளர்ப்பவரிடமும் சாகும். அப்படிச் சாகும் நாளில், நான் கொடுத்த உறுதி உடைந்து யார் தலையில் விழும் என்று நான் யோசிக்கவில்லை. என் தலையில் விழாது. நான் தருமபுரியில் இருப்பேன்.

அவர்கள் வீட்டை அடைந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. கோவிந்தசாமி ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். செத்த புழுக்களை எல்லாம் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவதற்கான குழி. மாதம்மாள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, விரல்களை அக்குளுக்குள் செருகி வைத்திருந்தார். அந்தக் கைகளை எவரும் பார்த்துவிடக்கூடாது என்பதுபோல இருந்தது.

நான் கோவிந்தசாமியிடம் போய், மாதம்மாளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க. அக்கா கைல மருந்து இல்ல. அது எனக்குத் தெரியும். இன்னைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனா புழுவுக்கு ஒன்னும் ஆகாதுன்னு சொன்னேன் பாருங்க, அது எனக்குத் தெரியாது. எனக்குப் புழுவப் பத்தி ஒன்னுமே தெரியாதுங்க.”

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“இப்ப வந்து சொல்றீங்களே மேடம்.”

“ஆமாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“அப்ப எதனாலதான் செத்துச்சு?”

பேருந்தில் வரும்போது மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் நாக்கின் நுனியில் நின்றன. கிருமி, வெக்கை, ஈர இலை. எதைச் சொன்னாலும் இன்னொரு முறை தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவள் ஆவேன்.

“தெரியலைங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். செவிலியரைப் பார்த்தார். கோவிந்தசாமி குனிந்து மீண்டும் மண்ணை வெட்டத் தொடங்கினார்.

நான் மாதம்மாளின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவர் மூச்சு மேல்நெஞ்சோடு நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. சிகிச்சை முடிந்த பிறகு எதைப் பார்த்து அஞ்சினாரோ, அதுவே நடந்துவிட்டது என்று அவர் நம்பியிருந்தார். தன் உடம்பில் இன்னும் விஷம் இருக்கிறது, அது வெளியே வந்துவிட்டது, எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அந்த நம்பிக்கை அன்றைக்கு உறுதிப்பட்டிருந்தால் புழு ஷெட்டுக்குள் மட்டுமல்ல, அடுப்படிக்குள்ளும் அவர் தயங்கித்தான் நுழைந்திருப்பார்.

கோப்பில் உள்ளபடி கண்ணை மூடச் சொல்லவில்லை. இத்தகைய நேரத்தில் கண்ணை மூடினால் உள்ளே இருப்பது பெரிதாகத் தெரியும். மூச்சைக் கவனியுங்கள் என்றும் சொல்லவில்லை. ஓடுகிற மூச்சைக் கவனித்தால் அது இன்னும் வேகமாக ஓடும்.

“அக்கா, காலுக்குக் கீழ என்ன இருக்குது?”

அவர் கால்விரல்களை மடக்கி நீட்டினார். பிறகு, “மண்ணு,” என்றார்.

“எப்படி இருக்குது?”

“சுடுது.”

“முதுவுல?”

“தொட்டி. ஜில்லுன்னு இருக்குது.”

“என்ன சத்தம் கேக்குது?”

அவர் தலையைச் சிறிது சாய்த்தார். மண்வெட்டி மண்ணில் இறங்கும் ஓசை. எங்கோ ஒரு டிராக்டர். தெருவில் எவரோ ஆட்டை அதட்டுகிறார்கள். அவர் இவற்றில் எதையும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் நெற்றி சுருங்கியது. ஷெட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“சத்தமே இல்ல.”

“எதுலக்கா?”

“ஷெட்டுல. கடைசிப் பருவத்துல புழு தின்னா மழ பேஞ்ச மாதிரி கேக்கும். ஒரு சத்தமும் இல்ல.” குரலை உயர்த்தினார். “ஏனுங்க, தழை போட்டீங்களா?”

மண்வெட்டி நின்றது. “எல்லாம்தான் போச்சே. எதுக்குப் போடறது?”

“எல்லாம் போச்சுன்னு யாரு பாத்தா?”

“மேல் அடுக்கு பூரா ஒழுவுதுடி. பாத்தேனே.”

“கீழ பாத்தீங்களா?”

அவர் ஷெட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மாதம்மாள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்போது கைகள் வெளியே வந்தன. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஷெட் வாசலை நோக்கி நடந்தார். கோவிந்தசாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தார். மறிக்கப் போகிறார் என்று நினைத்தேன். செவிலியரின் கை என் தோளை இறுகப் பற்றியது, பேசாதே என்பதற்காக. கோவிந்தசாமி மூன்றாம் எட்டு வைக்கவில்லை. அங்கேயே நின்றார். மாதம்மாள் அவரைக் கடந்து உள்ளே போனார்.

நானும் பின்னால் போகப் பார்த்தேன்.

“நீங்க வராதீங்க,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “பவுடர் வாசம் புழுவுக்கு ஆவாது.”

வலையடித்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கீழ் அடுக்கின் முன்னால் குந்தினார். தழை தின்று மிஞ்சிய பழைய குச்சிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். அடுத்த அடுக்கு. அதற்கும் அடுத்தது. மேல் அடுக்குக்கு வந்தபோது எக்கி நின்று, நாற்றமெடுத்த அந்தத் தட்டுகளையும் விடாமல் பார்த்தார். அவர் தோள்கள் ஒருமுறை குலுங்கியதைக் கண்டேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மீண்டும் கீழே வந்து குந்தினார்.

“கீழ ரெண்டு அடுக்கு நல்லாருக்குதுங்க,” என்றார் வெளியே நின்றவரைப் பார்த்து. “அங்கங்க ஒன்னு ரெண்டுதான் போயிருக்குது, பொறுக்கிடலாம். பசியில தலையத் தூக்கித் தூக்கிப் பாக்குது. பாவம்.”

கோவிந்தசாமி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார்.

“இதுக்கும் நான்தான் தழை போட்டேன்,” என்றார் மாதம்மாள். வாதாடும் குரலில் சொல்லவில்லை. தானே இப்போதுதான் கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார். பிறகு குரல் மாறியது. “நின்னுட்டே இருந்தா? போயி வெட்டிட்டு வாங்க. ஈரத் தழை வேண்டாம், மேக்கால வரப்புல வெட்டுங்க. சுண்ணாம்பத் தூளாக்கி ஒரு முறத்துல கொண்டாங்க.”

பதினைந்து ஆண்டுகள் அந்த ஷெட்டை நடத்தியவரின் குரல் அது. கோவிந்தசாமி அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். போகும்போது செவிலியரிடம் மட்டும் ஒன்று சொன்னார்:

“பக்கத்து வூட்டுல டீ போடச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க. அந்த மேடத்தையும் குடிக்கச் சொல்லுங்க.”

என்னோடு பேச இன்னும் அவருக்கு மனம் வரவில்லை. அது நியாயம்தான்.

கதை இனிதாக முடிந்ததாக நீங்கள் எண்ண வேண்டாம். பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சிய புழுக்கள் கூடு கட்டின. நோய் எதனால் வந்தது என்று கடைசிவரை எவருக்கும் தெரியவில்லை. ஊரில் சிலர் இன்றும் மாதம்மாளின் கையைத்தான் சொல்கிறார்கள் என்று கண்ணம்மாள் வழியாகக் கேள்விப்பட்டேன். ஆறாம் வாரம் மாதம்மாள் வந்தார். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். “அவரு ஒன்னும் சொல்றதில்லைங்க. ஒன்னும் சொல்லாததும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது,” என்றார். அதைச் சரிசெய்யும் சொல் ஏதும் என்னிடம் இல்லை. அன்றைக்கு அதைத் தேடவும் இல்லை.

உங்களிடமும் உறுதி கேட்பார்கள். திரும்பி வராதுதானே என்று கேட்பார்கள். குழந்தைக்கு ஒட்டாதுதானே, இவர் என்னை விட்டுவிட மாட்டார்தானே என்று கேட்பார்கள். கேட்கிறவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு ‘தெரியாது’ என்று சொல்வது கல் மனத்துக்காரர்களின் வேலை என்று தோன்றும். அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது எது, சொல்ல ஆசைப்படுவது எது என்று இரண்டையும் பிரித்துப் பாருங்கள். தெரிந்ததை எவ்வளவு உறுதியாக வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆசைப்படுவதைச் சொல்லிவிட்டால், அது பொய்த்துப்போகும் நாளில் அவர்கள் தனியாக நிற்பார்கள். அதோடு, உங்கள் குற்றவுணர்வைத் தாங்குவதும் அவர்களுக்கு வேலையாகிவிடும்.

எட்டாம் வாரம், கடைசிப் புதன்கிழமை, மாதம்மாள் வரவில்லை. எனக்கு ஐந்தாம் வாரத்தின் நினைவு வந்தது. அழைத்தேன். இம்முறை அவரே எடுத்தார்.

“வர முடியலைங்க மேடம். நேத்து புதுப் புழு வந்துருச்சு. வந்ததும் அவரு ஷெட்டு வாசல்ல நின்னு, ‘வா, எறக்கலாம்’னாரு. வேற ஒன்னும் சொல்லல. நானும் ஒன்னும் கேக்கல.”

“பயமா இருக்குதுங்களாக்கா?”

“இருக்குதுங்க. இதுங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு இருக்குது. அடுத்த மாசம் எனக்குச் செக்கப்பு, அதுவும் இருக்குது. ராவும் பகலும் கூடவேதான் வருது.” ஏதோ தட்டை நகர்த்தும் ஓசை கேட்டது. “ஷெட்டு வாசல்ல பிளீச்சிங் தண்ணி வச்சிருக்கம் பாருங்க. யாரா இருந்தாலும் அதுல கால நனைச்சிட்டுத்தான் உள்ள வரணும். அந்தப் பயத்தையும் அதேதான் சொன்னேன். வர்றதுன்னா கால நனைச்சிட்டு வந்து ஒரு மூலைல குந்திக்க, எனக்கு வேல இருக்குதுன்னு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“சரிங்க, வெச்சிடறேன்,” என்றார். “தழை போடற நேரம்.”